ஒரு போல்ட் முறிந்தது

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறைய வாழ்கிறார்கள். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அவர்கள். சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் பிறகு பலர் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். சிலர் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போகிறார்கள். சிலர் வண்டி ஓட்டுகிறார்கள். சிலர் வண்டி பழுது பார்க்கிறார்கள்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சிறிய பட்டறை. தகரக் கூரை. முன்னால் ஒரு வேப்பமரம். பட்டறைக்காரரை எல்லோரும் 'பெரியவர்' என்றுதான் அழைப்பார்கள். அவருடைய அப்பா சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். அவரிடம்தான் பெரியவர் தொழில் கற்றார்.

பட்டறையில் ஓர் உதவியாள் இருந்தான். அவனை எல்லோரும் 'சின்னவன்' என்பார்கள். வயது 24. சிறு வயதில் பள்ளிக்குப் போகவில்லை. இரண்டு ஆண்டுகளாக மாலை வகுப்பில் படிக்கிறான். இப்போது எழுத்துக் கூட்டிப் படிப்பான். கணக்கும் போடுவான். கை வேகம் அதிகம். பொறுமைதான் கொஞ்சம் குறைவு.

ஒரு சின்னச் சத்தம்

ஒரு நாள் பிற்பகல். ஒரு சிறு சரக்கு வண்டி பட்டறைக்கு வந்தது. கோலார் சந்தையிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப் போகும் வண்டி அது. ஓட்டுபவரே அதன் சொந்தக்காரர். கடன் வாங்கி வாங்கிய வண்டி. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும்.

"ஓடுற ஓட்டத்துல வண்டி திடீர்னு திக்குதுங்க. சில நேரம் தானா நின்னு போகுது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினா ஓடுது" என்றார் வண்டிக்காரர். "ராத்திரி எட்டு மணிக்குக் கோலார்ல லோடு ஏத்தணும்."

பெரியவர் வண்டியைப் பார்த்தார். இருக்கைக்கு அடியில் ஓர் அலுமினியப் பெட்டி. அதில் ஒரு பெரிய கப்ளர் மாட்டியிருந்தது. கப்ளர் லேசாக ஆடியது.

"சின்னவனே, பேட்டரி வயரை எடுத்துட்டு இந்தக் கப்ளரைக் கழற்று. உள்ளே துடைச்சு மறுபடி மாட்டு. பார்த்து மாட்டு" என்றார். பிறகு சாமான் வாங்கக் கடைக்குப் போனார்.

சின்னவன் கப்ளரின் நடுவில் இருந்த போல்ட்டைக் கழற்றினான். உள்ளே பச்சை நிறத்தில் களிம்பு பிடித்திருந்தது. அதைத் துடைத்தான். கப்ளரை மறுபடி வைத்தான். நீளமான கைப்பிடி உள்ள ராட்செட்டை எடுத்தான். போல்ட்டை முறுக்கினான். இறுகியது. 'இன்னும் கொஞ்சம் இறுகினால் நல்லது' என்று நினைத்தான். இன்னொரு முறை முறுக்கினான்.

'டக்'.

போல்ட்டின் தலை அவன் கையோடு வந்துவிட்டது. மரை இருந்த நுனி பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அந்த அலுமினியப் பெட்டிக்கு ஈ.சி.யூ. என்று பெயர். சிலர் ஈ.சி.எம். என்றும் சொல்வார்கள். அது எஞ்சினுக்கு மூளை போன்றது. அதற்குள் ஒரு சிறிய கணிப்பொறி இருக்கிறது.

எஞ்சினில் பல இடங்களில் சென்சார்கள் இருக்கின்றன. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறார், இவற்றையெல்லாம் அவை கம்பி வழியாகப் பெட்டிக்குச் சொல்கின்றன. எவ்வளவு எரிபொருளை எந்த நேரத்தில் தெளிக்க வேண்டும் என்று பெட்டி கணக்குப் போடுகிறது. உடனே கட்டளை அனுப்புகிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு வேகமாக நடக்கிறது தெரியுமா? எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியும். அப்படியானால் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1500 முறை எரிகிறது. அதாவது நொடிக்கு 25 முறை. ஒவ்வொரு முறையும் பெட்டி சரியாகக் கட்டளை இட வேண்டும்.

பழைய வண்டிகளில் இந்தப் பெட்டி இல்லை. கார்புரேட்டரும் திருகாணியும் போதுமாக இருந்தன. புகையைக் குறைக்க அரசு விதிகளைக் கடுமையாக்கியது. வண்டிகளும் மாறின. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற விதி நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று எந்தப் பட்டறைக்குப் போனாலும் இப்போது இந்தப் பெட்டியைப் பார்க்கலாம்.

பெட்டிக்குள் போகும் கம்பிகள் எல்லாம் கப்ளர் வழியாகப் போகின்றன. கப்ளருக்குள் பல சிறு பின்கள் உண்டு. சில வண்டிகளில் கப்ளரைப் பிடித்து வைக்க ஒரு நெம்புகோல் இருக்கும். வேறு சில வண்டிகளில் நடுவில் ஒரு போல்ட் இருக்கும்.

அந்த ஒரு போல்ட்டுக்கு மூன்று வேலை. முதல் வேலை, கப்ளரைச் சாயாமல் நேராக உள்ளே இழுப்பது. இரண்டாவது, வண்டி குலுங்கினாலும் கப்ளர் ஆடாமல் பிடிப்பது. மூன்றாவது, ரப்பர் வளையத்தை அழுத்தித் தண்ணீர் புகாமல் காப்பது. போல்ட் இல்லாவிட்டால் இந்த மூன்றும் போய்விடும்.

சொல்வதா, மறைப்பதா?

சின்னவன் கையில் போல்ட்டின் தலை இருந்தது. அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கப்ளரைக் கையால் அழுத்தினான். பேட்டரி வயரை மாட்டினான். சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் ஓடியது! திக்கவே இல்லை. பின்கள் சுத்தமாகிவிட்டன அல்லவா?

வண்டிக்காரர் முகம் மலர்ந்தது. "சரியாயிடுச்சா தம்பி? எவ்வளவு தரணும்?" என்று கேட்டார்.

சின்னவன் பதில் சொல்லவில்லை. அவன் மனத்துக்குள் இரண்டு குரல்கள். 'கப்ளரை ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிவிடு. யாருக்கும் தெரியாது' என்றது ஒரு குரல். 'ராத்திரி நெடுஞ்சாலையில் கப்ளர் ஆடினால்?' என்றது இன்னொரு குரல்.

அவன் நினைத்துப் பார்த்தான். வண்டி நிறையத் தக்காளி. இருட்டு. பின்னால் பெரிய லாரிகள். திடீரென்று எஞ்சின் நின்றுபோகிறது. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பிரேக்கும் கனத்துவிடும். அப்போது அந்த அண்ணன் என்ன செய்வார்?

சின்னவன் பையிலிருந்து போல்ட்டின் தலையை எடுத்தான். வண்டிக்காரர் கையில் வைத்தான்.

"அண்ணே, மன்னிச்சுக்கோங்க. நான்தான் அதிகமா முறுக்கிட்டேன். முறிஞ்சு போச்சு. இப்படியே ஓட்டாதீங்க" என்றான்.

வண்டிக்காரருக்குக் கோபம் வந்தது. "எட்டு மணிக்கு லோடு இருக்குன்னு சொன்னேனே! புதுப் பெட்டி என்ன விலை தெரியுமா? பல ஆயிரம் ஆகும். யார் தர்றது?" என்று சத்தம் போட்டார்.

அந்த நேரத்தில் பெரியவர் திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று.

"பெட்டி கெடலை. போல்ட்தான் முறிஞ்சிருக்கு. இனிமே அவசரப்பட்டாத்தான் பெட்டி கெடும்" என்றார் அவர். "உட்காருங்க. டீ சாப்பிடுங்க. முடிஞ்சா முடியும்னு சொல்றேன். முடியாட்டி அதையும் சொல்லிடறேன்."

முதலில் சாவி, பிறகு பேட்டரி

பெரியவர் சாவியை அணைத்துக் கையில் எடுத்துக்கொண்டார். சில நிமிடம் காத்திருந்தார். சாவியை அணைத்த பிறகும் பெட்டி சிறிது நேரம் விழித்திருக்கும். தன் நினைவுகளைச் சேமித்துக்கொண்ட பிறகுதான் தூங்கும்.

பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார்.

"ஏன் நெகட்டிவை முதல்ல கழற்றணும்?" என்று சின்னவனைக் கேட்டார்.

சின்னவன் விழித்தான்.

"வண்டியோட உடம்பு முழுசும் நெகட்டிவ். பாசிட்டிவை முதல்ல கழற்றும்போது ஸ்பேனர் உடம்புல பட்டா தீப்பொறி பறக்கும். நெகட்டிவை எடுத்துட்டா அந்தப் பயம் இல்லை. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி."

பெரியவர் வண்டியின் இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டார். நம் உடம்பில் சில சமயம் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். இரும்பைத் தொட்டால் அது இறங்கிவிடும். பிறகு கப்ளரின் இரு பக்கத்தையும் சமமாகப் பிடித்து, மெதுவாக அசைத்து, நேராக இழுத்தார். ஒரு பக்கமாக நெம்பினால் பின்கள் வளைந்துவிடும். பின்களை அவர் விரலால் தொடவே இல்லை.

பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டு வந்தார். அடியில் மெத்தென்ற துணி விரித்தார். பின்கள் இருந்த இடத்தை டேப் ஒட்டி மூடினார். போல்ட் போகும் துளை மட்டும் வெளியே தெரிந்தது.

செய்யக் கூடாத மூன்று

"எஞ்சின்ல போல்ட் முறிஞ்சா நாம என்ன செய்வோம்?" என்று கேட்டார் பெரியவர்.

"நட்டு வச்சு வெல்டிங் அடிச்சுத் திருப்புவோம்" என்றான் சின்னவன். "இல்லேன்னா கேஸ் வச்சுச் சூடு பண்ணுவோம். சுத்தியலால தட்டுவோம்."

"இங்கே இந்த மூணும் கூடாது. வெல்டிங் வச்சா அந்த மின்சாரம் பெட்டிக்குள்ள பாயும். சூடு வச்சா உள்ளே இருக்கிற ஈயப் பற்று இளகும், ரப்பர் உருகும். சுத்தியலால அடிச்சா உள்ளே இருக்கிற பலகை விரிசல் விடும். எஞ்சின் பாறை மாதிரி. இது முட்டை மாதிரி."

சின்னவன் தலையை ஆட்டினான்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். "போல்ட் எப்படி முறிஞ்சதுன்னு முதல்ல பார்க்கணும். துருப்பிடிச்சு, கழற்றும்போது முறிஞ்ச போல்ட் லேசுல வராது. அதிகமா முறுக்கி முறிஞ்ச போல்ட் பல நேரம் சுலபமா வரும். தலை போனதும் இழுவிசை போயிடுது. உள்ளே இருக்கிற துண்டை இறுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை."

முறிந்த துண்டு வெளியே வந்தது

பெரியவர் துளைக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். துண்டு துளையின் வாய்க்குச் சற்று உள்ளே இருந்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கிரிப் பிளையரால் பிடித்துத் திருப்பியிருக்கலாம். இங்கே பிடிக்க இடம் இல்லை.

முதல் முயற்சி. கூர்மையான ஊசி போன்ற கருவியை எடுத்தார். துண்டின் ஓரத்தில் அழுத்தி இடப்பக்கமாகத் தள்ளினார். கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசை அது. துண்டு அசையவில்லை. மரையில் பழைய களிம்பு பிடித்திருந்தது.

இரண்டாவது முயற்சி. துரு இளக்கும் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அதையும் ஊசி முனையில் தொட்டு வைத்தார். பீய்ச்சி அடிக்கவில்லை. எண்ணெய் பின்களுக்குப் பரவக் கூடாது அல்லவா? பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க உட்கார்ந்துட்டீங்க?" என்று வண்டிக்காரர் பதறினார்.

"எண்ணெய் வேலை செய்யுதுங்க. நாம காத்திருக்கிறதுதான் இப்போ வேலை."

அரை மணி நேரம் ஆனது. வண்டிக்காரர் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். பெரியவர் மறுபடி ஊசியால் தள்ளினார். துண்டு அசையவில்லை.

மூன்றாவது முயற்சி. பெரியவர் பெட்டியைத் திறந்து ஒரு சின்ன டிரில் பிட்டை எடுத்தார். இது சாதாரண பிட் இல்லை. சாதாரண பிட் வலப்பக்கமாகச் சுற்றினால்தான் வெட்டும். அது துண்டை இன்னும் உள்ளே தள்ளும். இந்தப் பிட் இடப்பக்கமாகச் சுற்றி வெட்டும். அதனால் வெட்டும்போதே துண்டைக் கழற்றவும் பார்க்கும்.

துண்டின் நடுவில் கூர்முனையைக் கையால் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். சுத்தியல் இல்லை. பிட்டில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று அளந்து, அந்த இடத்தில் டேப் சுற்றினார். அந்த டேப்பைத் தாண்டிப் போனால் துளையின் அடியை ஓட்டையாக்கிப் பெட்டிக்குள் புகுந்துவிடும். பிட்டின் நுனியில் கிரீஸ் தடவினார். இரும்புத் தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்தார். தூள் விழுந்தாலும் கீழே விழும், துளைக்குள் தங்காது.

"சின்னவனே, நீ பெட்டியைப் பிடி. அசையாம பிடி."

சின்னவனுக்குக் கை நடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்தான்.

பெரியவர் டிரில்லை மிக மெதுவாக ஓட்டினார். கொஞ்சம் வெட்டுவார், நிறுத்துவார், தூளைத் துடைப்பார். மறுபடி வெட்டுவார். நான்காவது முறை பிட் துண்டைப் பற்றிக்கொண்டது. துண்டு சுற்றத் தொடங்கியது. அப்படியே மரை வழியாக ஏறி வெளியே வந்தது.

சின்னவன் மூச்சு விட்டான். அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இது வரலேன்னா ஈசி அவுட் போட்டிருக்கலாமா?" என்று கேட்டான்.

"போடலாம். ஆனா ரொம்பப் பயந்து போடணும். ஈசி அவுட் கடினமான எஃகு. அது உள்ளே முறிஞ்சா சாதாரண டிரில் அதை வெட்டாது. அப்புறம் ஒண்ணுக்கு ரெண்டு முறிஞ்ச துண்டு. துளையில மரை கெட்டிருந்தாலோ, மரைப்புஷ் தனியாச் சுத்தினாலோ, அதோட நிறுத்திக்கணும். ஈ.சி.யூ. மட்டுமே பழுது பார்க்கிற ஆள்கிட்ட அனுப்பணும். நம்மால முடியாததை முடியாதுன்னு சொல்றதும் தொழில்தான்."

தூளைக் காற்றடித்து ஊதவில்லை. ஊதினால் பின்களுக்குள் போகும். ஈரத் துணியின் முனையாலும் சிறு காந்தத்தாலும் எடுத்தார். பின்களைச் சுத்தம் செய்ய அதற்கென்று விற்கும் தெளிப்பானை அடித்துக் காய வைத்தார். உப்புக்காகிதத்தால் தேய்த்தால் பின்மேல் உள்ள பூச்சு போய்விடும். அதனால் அதைத் தொடவில்லை.

போல்ட்டின் மேல் எழுதியிருப்பது என்ன?

"கடைக்குப் போய் ஒரு போல்ட் வாங்கி வா" என்றார் பெரியவர். "என்ன போல்ட்னு கேட்பே?"

"பத்தாம் நம்பர் போல்ட்" என்றான் சின்னவன்.

"பத்து ஸ்பேனரோட அளவு. போல்ட்டோட அளவு இல்லை."

பெரியவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நாமும் படிப்போம்.

எம் 6. இது மரையின் குறுக்களவு. 6 மில்லிமீட்டர். பெரும்பாலும் எம் 6 போல்ட்டின் தலைக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் சேரும். எம் 5 போல்ட்டின் தலைக்கு 8-ஆம் நம்பர் சேரும்.

1.0. இது மரையின் இடைவெளி. ஒரு முழுச் சுற்றுக்கு போல்ட் 1 மில்லிமீட்டர் உள்ளே போகும். இடைவெளி வேறாக இருந்தால் மரை கெட்டுவிடும்.

நீளம். முறிந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து அளக்க வேண்டும். போல்ட் நீளமாக இருந்தால் துளையின் அடியில் முட்டும். இறுகியது போலத் தோன்றும், ஆனால் கப்ளர் ஆடும். குட்டையாக இருந்தால் இரண்டு மூன்று மரையில் மட்டும் பிடிக்கும், பிய்த்துக்கொண்டு வரும்.

8.8. பல போல்ட்டுகளின் தலையில் இப்படி எண் பொறித்திருக்கும். இது வலிமையைக் காட்டும். 4.8 என்றால் வலிமை குறைவு. 8.8 என்றால் அதைவிட அதிகம். பழைய போல்ட்டில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணைத்தான் வாங்க வேண்டும்.

சின்னவன் தாளைப் படித்துக்கொண்டே கடைக்குப் போனான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததில் தலையில் 4.8 என்று இருந்தது. சின்னவன் அதைத் திருப்பிக் கொடுத்தான்.

"அண்ணே, 8.8 கொடுங்க" என்றான்.

மூன்று ஆண்டுக்கு முன்னால் அவனால் இதைப் படித்திருக்க முடியாது. கொடுத்ததை வாங்கி வந்திருப்பான்.

எவ்வளவு முறுக்க வேண்டும்?

பெரியவர் அலமாரியிலிருந்து அந்த வண்டியின் கையேட்டை எடுத்தார். ஒரு பக்கத்தைத் திறந்து சின்னவனிடம் நீட்டினார்.

"இந்த வரியைப் படி."

சின்னவன் விரல் வைத்துப் படித்தான். கப்ளர் போல்ட்டுக்கு நேரே 6 நியூட்டன் மீட்டர் என்று இருந்தது. (இது அந்த வண்டியின் அளவு. வேறு வண்டிக்கு வேறு அளவு இருக்கும்.)

"இந்தப் புத்தகம் காலையிலயும் இங்கேதான் இருந்துச்சு" என்றார் பெரியவர். வேறு எதுவும் சொல்லவில்லை.

சின்னவன் தலை குனிந்தான். படிக்கத் தெரிந்தும் அவன் பார்க்கவில்லை.

நியூட்டன் மீட்டர் என்பது முறுக்கும் பலத்தை அளக்கும் அளவு. 1 மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 1 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் முறுக்குப் பலம் கிடைக்கும்.

சின்னவன் சிலேட்டில் கணக்குப் போட்டான்.

கையால் 6 கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறோம். ஸ்பேனரின் நீளம் 10 சென்டிமீட்டர், அதாவது 0.1 மீட்டர்.
6 × 0.1 = 0.6. அதை 10-ஆல் பெருக்கினால் 6 நியூட்டன் மீட்டர். சரியான அளவு.

அதே கை, அதே அழுத்தம். ராட்செட்டின் நீளம் 30 சென்டிமீட்டர், அதாவது 0.3 மீட்டர்.
6 × 0.3 = 1.8. அதை 10-ஆல் பெருக்கினால் 18 நியூட்டன் மீட்டர். மூன்று மடங்கு!

"நான் பலமா முறுக்கலையே, அப்புறம் ஏன் முறிஞ்சதுன்னு யோசிச்சேன்" என்றான் சின்னவன். "கைப்பிடிதான் முறுக்கியிருக்கு."

வண்டி கிளம்பியது

பெட்டியை வண்டியில் பொருத்தினார்கள். கப்ளரை நேராக வைத்தார்கள். சின்னவன் புதிய போல்ட்டை முதலில் விரலாலேயே திருகினான். நான்கைந்து மரை விரலாலேயே ஏறியது. விரலால் ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடிக்கிறது என்று பொருள். அப்போது ஸ்பேனரைத் தொடாமல் கழற்றி மறுபடி வைக்க வேண்டும்.

பிறகு டார்க் ரெஞ்ச்சில் 6 என்ற எண்ணை வைத்தான். அளவு வந்ததும் அது 'கிளிக்' என்றது. சின்னவன் கையை எடுத்துவிட்டான். 'இன்னும் கொஞ்சம்' என்று நினைக்கவில்லை.

கடைசியில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை மாட்டினான். ஸ்கேனரை இணைத்துப் பழைய பிழைக் குறிகளை அழித்தார்கள். எஞ்சின் ஓடியது. பெரியவர் கப்ளரையும் வயரையும் மெதுவாக அசைத்துப் பார்த்தார். எஞ்சின் சத்தம் மாறவில்லை. வண்டிக்காரர் ஊரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். புதிய பிழைக் குறி எதுவும் வரவில்லை.

மணி ஆறேகால்.

"எவ்வளவு ஆச்சு?" என்று வண்டிக்காரர் கேட்டார். இப்போது அவர் குரலில் கோபம் இல்லை.

"களிம்பு துடைச்சதுக்குக் கூலி கொடுங்க. போல்ட் முறிஞ்சது எங்க தப்பு. அதுக்குக் கூலி இல்லை" என்றார் பெரியவர்.

வண்டிக்காரர் பணத்தைக் கொடுத்தார். வண்டியில் ஏறும்முன் சின்னவனைப் பார்த்தார்.

"தம்பி, நீ சொல்லாம இருந்திருந்தா நான் அப்பவே கிளம்பியிருப்பேன். நல்ல வேளை, சொன்னே. அடுத்த மாசம் ஆயில் மாத்த இங்கேதான் வருவேன்" என்றார்.

வண்டி கோலார் சாலையில் போனது. சின்னவன் முறிந்த போல்ட்டின் தலையை ஒரு கம்பியில் கோத்தான். ராட்செட் தொங்கும் ஆணியில் அதையும் மாட்டினான். பக்கத்தில் சாக்பீஸால் எழுதினான்: 'முதலில் படி. பிறகு முறுக்கு.'

நினைவில் கொள்வோம்

1. கப்ளரைத் தொடும்முன் சாவியை அணைத்து எடுக்க வேண்டும். சில நிமிடம் பொறுத்து பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும்.
2. ஈ.சி.யூ. பெட்டியில் வெல்டிங், சூடு, சுத்தியல் மூன்றும் கூடாது.
3. பின்களை மூடிவிட்டுத்தான் முறிந்த துண்டை எடுக்க வேண்டும்.
4. எளிய வழியை முதலில் பார்க்க வேண்டும். ஊசி, பிறகு எண்ணெய், பிறகு இடப்பக்கம் சுற்றும் டிரில்.
5. புதிய போல்ட்டின் குறுக்களவு, மரை இடைவெளி, நீளம், வலிமை எண் நான்கும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.
6. பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டுவது பட்டறை வரை வருவதற்கு மட்டுமே. அது பழுது பார்த்ததாக ஆகாது.
7. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கு அனுப்புவது நல்லது.
8. தவறு நடந்தால் வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டும்.

சொல்லும் பொருளும்

கப்ளர் – பல கம்பிகளைச் சேர்த்து மாட்டும் இணைப்பு
பின் – கப்ளருக்குள் இருக்கும் மெல்லிய உலோகக் குச்சி
மரை – போல்ட்டில் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரி
களிம்பு – ஈரத்தால் உலோகத்தின் மேல் படியும் பச்சைப் படிவு
டார்க் ரெஞ்ச் – எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் கருவி

யோசித்துப் பதில் சொல்லுங்கள்

1. கப்ளரின் நடுவில் உள்ள போல்ட் செய்யும் மூன்று வேலைகள் எவை?
2. முறிந்த துண்டை எடுக்கும்போது பெரியவர் பெட்டியை ஏன் நிமிர்த்தி வைத்தார்?
3. ஸ்பேனரின் நீளம் 20 சென்டிமீட்டர். 5 கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறோம். எத்தனை நியூட்டன் மீட்டர் கிடைக்கும்?
4. உங்கள் வீட்டில் உள்ள சைக்கிளிலோ வண்டியிலோ ஒரு போல்ட்டின் தலையைப் பாருங்கள். அதில் என்ன எண் இருக்கிறது? எழுதுங்கள்.
5. உங்கள் தொழிலில் உங்கள் கையால் ஒரு தவறு நடந்ததுண்டா? அதை யாரிடம் சொன்னீர்கள்? வகுப்பில் பேசுங்கள்.